இரண்டு பக்கமும் ஒட்டிய வெர்லன்

ஐம்பத்தொன்பது வயது வரைக்கும் வெர்லன் ஸ்டான்சிலுக்கு எதைப் பற்றியும் ஒரு கருத்து இருந்ததில்லை. அமெரிக்காவின் தெற்கே, கோல்வின் ஊரில் அது சாதாரண விஷயமல்ல. முடி வெட்டிக்கொள்ளப் போனால் கருத்து, பெட்ரோல் போடப் போனால் கருத்து, சாவு வீட்டில் உருளைக்கிழங்கு சாலட்டைத் தட்டில் எடுத்துக்கொண்டு திரும்பினால் அங்கேயும் ஒருவர் வரி உயர்வைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். எல்லாவற்றுக்கும் வெர்லனிடம் ஒரே பதில்தான். "இருக்கலாம்."

மனைவி நெல்டாவுக்கு இது பிடித்திருந்தது. அவள் பத்தொன்பது வருஷம் டன்னவே கோழிப்பண்ணையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை பார்த்தவள். நாளெல்லாம் இயந்திரச் சத்தத்தில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், பேசாத புருஷன் ஒரு வரம் போலத்தான்.

அவர் அப்படி ஆனதற்கு அவருடைய தொழில்தான் காரணம். நெடுஞ்சாலை ஓரத்து ராட்சத விளம்பரப் போர்டுகளில் காகிதம் ஒட்டுவது அவர் வேலை. ஏணியில் அவ்வளவு கிட்டே நிற்பவனுக்கு எழுத்து எழுத்தாகத் தெரியாது. ஒரு 'ஓ' குளியல் தொட்டி அளவுக்கு இருக்கும். ஒரு அழகியின் உதடு, சிவப்பு மெத்தை மாதிரி முகத்துக்கு நேரே வரும். முப்பது வருஷமாக அவர் சிகரெட்டை ஒட்டினார், சிகரெட்டை விடச் சொல்லும் மருத்துவமனையை ஒட்டினார், பீரை ஒட்டினார், பீர் குடிப்பவனுக்கு நரகம் நிச்சயம் என்ற தேவாலயத்தையும் ஒட்டினார். "நான் ஒட்றவன். படிக்கிறது ரோட்டுல போறவன் வேலை" என்பார்.

அந்தப் போர்டுகளின் சொந்தக்காரன் ஹாய்ட். வெர்லனோடு ஒரே வகுப்பில் படித்து, ஒரே கணக்குப் பரீட்சையில் தோற்றவன். ஊருக்கு வெளியே, மலை இறங்கி வரும் திருப்பத்தில் ஹாய்ட்டுக்கு ஒரு போர்டு இருந்தது. முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு முகங்கள். தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று, வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று.

2006ஆம் வருஷத் தேர்தல் சமயம் அந்த இரண்டு முகங்களுக்கும் சேர்த்து வாடகை வந்தது. தெற்கு முகத்தில் ஸ்பானிஷ் மொழியில், தொப்பி போட்ட ஒரு மஞ்சள் கோழிக்குஞ்சு. மேலே "வேலை இருக்கிறது". கீழே அதன் இரண்டு கால்கள், பக்கத்தில் "குடும்பத்தோடு வாருங்கள்", டன்னவே கோழிப்பண்ணையின் தொலைபேசி எண். வடக்கு முகத்தில் மாநில மேலவையான செனட்டுக்கு நிற்கும் கார்லண்ட் டீஸ்லியின் தலை. மேலே "போதும்". கீழே கோட்டுக்குள் கட்டிய இரண்டு கைகள், பக்கத்தில் "அவரவர் ஊருக்கு அனுப்புவோம்". அடியில் பொடி எழுத்தில், கோல்வின் பாதுகாப்புக் குடிமக்கள் குழுவின் உபயம் என்று இருந்தது.

அந்தக் குழுவை ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஹாய்ட் மட்டும் அதன் காசோலையைப் பார்த்திருந்தான். கோழிப்பண்ணையின் காசோலை வந்த உறைக்குள்ளேயே அதுவும் இருந்தது. இரண்டிலும் ஒரே கையெழுத்து. பண்ணையின் விளம்பர அதிகாரி பிராட்லி கிம்ஸியின் கையெழுத்து.

இதை ஹாய்ட் வெர்லனிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். வெர்லன் "இருக்கலாம்" என்றார். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டின்போது நெல்டாவிடம் கேட்டுவிட்டார்.

"ஒரு கையால வான்னு கூப்பிட்டு இன்னொரு கையால போன்னு சொல்றதுக்கு எதுக்கு ரெண்டு செலவு?"

நெல்டா சோள ரொட்டியைப் பிட்டுக்கொண்டே சொன்னாள். "ரெண்டும் ஒரே செலவுதான். அவங்களுக்கு ஆளும் வேணும், அந்த ஆளுக்குப் பயமும் வேணும். பயந்தவன் கூலி கேக்க மாட்டான். நான் அங்க வேலை பாத்தப்ப எங்கள்ல பாதிப் பேரு வாயாடிங்க. அதனாலதான் எங்களுக்குப் பதிலா வேற ஆளத் தேடிப் போனாங்க."

"இருக்கலாம்" என்றார் வெர்லன்.

பக்கத்து வீட்டில் எலிசியோ இருந்தார். குவாத்தமாலா மலைக்காரர். பண்ணையில் உயிர்க்கோழிகளைக் கொக்கியில் மாட்டும் பிரிவில் வேலை. தன் வீட்டுப் புல்லை வெட்டும்போது வேலி தெரியாத மாதிரி வெர்லன் வீட்டுப் புல்லையும் சேர்த்து வெட்டிவிடுவார். அவர் ஊர் மரியாதைப்படி எப்போதும் "தோன் வெர்லன்" என்றுதான் கூப்பிடுவார். அவருக்குக் குடியேற்றக் காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. கூட இருந்த மைத்துனனுக்கு இல்லை. அதனால் அந்த வீட்டில் காலிங் பெல் அடித்தால் முதலில் யாரும் கதவைத் திறப்பதில்லை, ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பார்கள்.

"நீங்க ஒட்டின போர்டு ரொம்ப வேலை செய்யுது, தோன் வெர்லன்" என்றார் எலிசியோ ஒருநாள். "பாத்ரூம் போகணும்னு கேட்டா சூப்பர்வைசர் ஒண்ணும் சொல்றதில்ல. 'ரோட்டுல போர்டு பாத்தியா'ன்னு மட்டும் கேக்கறான். கேட்டவன் அப்படியே காலை இறுக்கிக்கிட்டு திரும்பிப் போயிடுறான்."

வெர்லனுடைய "இருக்கலாம்" என்பது அங்கே பொருந்தவில்லை. இருமினார்.

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது வெயிலில் வெளுத்துப்போன இரண்டு விளம்பரங்களையும் புதிதாக ஒட்டச் சொன்னார் கிம்ஸி. ஹாய்ட்டின் கொட்டகையில் காகிதத் துண்டுகளுக்குப் பசை தடவி, ஈரம் காயாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பார்கள். அடையாளத்துக்கு, கோழிப் பைக்கு ஒரு முடிச்சு, டீஸ்லி பைக்கு இரண்டு முடிச்சு. அன்றைக்கு ஹாய்ட் தொலைபேசியில் மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டே எல்லாப் பைக்கும் இரண்டு முடிச்சுப் போட்டான்.

வெள்ளிக்கிழமை மாலை. காற்று எழுந்துவிட்டது. மழை வருமென்று வெர்லன் அவசரப்பட்டார். முதலில் இரண்டு முகங்களுக்கும் மேல் வரிசையை ஒட்டி முடித்தார். படத்தைப் பார்த்தே ஒட்டியதால் அதுவரை தப்பில்லை. அப்போது பசை வாளி சரிந்து மூக்குக்கண்ணாடியில் கொட்டியது. அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, கடைசியில் வண்டியில் வீசிவிட்டு, கண்ணாடி இல்லாமலே ஏறினார். முதலில் கைக்கு வந்த பையின் முடிச்சைத் தடவிப் பார்த்தார், இரண்டு. டீஸ்லி என்று அதை வடக்கு முகத்தின் கீழ் வரிசையில் ஒட்டி, மிச்சத்தைத் தெற்கு முகத்தில் ஒட்டினார். ஓரங்கள் பிசகாமல் பொருந்தின. முப்பது வருஷ அனுபவம். துரும்பு அளவு இடைவெளிகூட விழவில்லை. திருப்தியாக இறங்கி, கரடுமுரடான குறுக்குப் பாதை வழியாக வீட்டுக்குப் போனார். அதனால் தான் ஒட்டியதை அவர் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலையில் தெற்கிலிருந்து வந்தவர்கள் கண்டது இது: கோழிக்குஞ்சு தொப்பியோடு சிரிக்கிறது, மேலே ஸ்பானிஷில் "வேலை இருக்கிறது", கழுத்துக்குக் கீழே கோட்டுப் போட்ட கைகளைக் கட்டிக்கொண்டு "அவரவர் ஊருக்கு அனுப்புவோம்" என்கிறது. வடக்கிலிருந்து வந்தவர்கள் கண்டது: கார்லண்ட் டீஸ்லி, தேர்தல் புன்னகை, மேலே "போதும்". கழுத்துக்குக் கீழே நேராக இரண்டு மஞ்சள் கோழிக்கால்கள். பக்கத்தில் ஸ்பானிஷில் "குடும்பத்தோடு வாருங்கள்", பண்ணையின் தொலைபேசி எண்.

வந்தார்கள்.

பத்து மணிக்குள் டீஸ்லியின் தேர்தல் அலுவலக வாசலில் ஏழெட்டுக் குடும்பங்கள் நின்றன. குழந்தைகள், மாமியார்கள், ஒரு பானை நிறையப் பீன்ஸ். எண்ணுக்குப் போன் செய்தால் பண்ணையில் சனிக்கிழமை யாரும் எடுப்பதில்லை. போர்டில் சிரித்த மனிதரின் படம் அலுவலகக் கண்ணாடியிலும் இருந்தது. வேறு எங்கே போவார்கள்? சரியாக அந்த நேரம் பார்த்து, முன்பே ஏற்பாடு செய்திருந்த தொலைக்காட்சி நிருபரும் கேமராவோடு வந்து நின்றாள். டீஸ்லி கதவைத் திறந்தார். ஒரு பெண் கைக்குழந்தையை அவரிடம் நீட்டினாள். இருபது வருஷ அரசியல் பழக்கம். யோசிக்கும் முன்பே வாங்கி முத்தம் கொடுத்துவிட்டார். குழந்தை அவர் டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்த நிலையில்தான் அவர் எல்லை பாதுகாப்பைப் பற்றிப் பேட்டி கொடுக்க வேண்டியிருந்தது.

கிம்ஸி அன்று மதியத்துக்குள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டார். ஊர் வார இதழின் கடைசிப் பக்கம் முழுக்க வருஷம் பூராவும் டன்னவே விளம்பரம். தொலைக்காட்சியில் மழை வருமா வராதா என்று சொல்வதும் டன்னவே உபயத்தில்தான். எல்லோரும் அவருக்கு நண்பர்கள். வார இதழ் ஞாயிறு காலையே சிறப்புப் பதிப்பு ஒரு பக்கம் போட்டது. அதில் டீஸ்லியின் தலை மட்டும் இருந்தது. கழுத்தோடு வெட்டியிருந்தார்கள். "நெடுஞ்சாலையில் வேட்பாளர் தெளிவாகத் தெரிகிறார்" என்று கீழே ஒரு வரி.

தொலைக்காட்சிக்கு அது போதவில்லை. குழந்தையின் படம் கையில் இருக்கிறது, காரணம் சொல்ல வேண்டும். பண்ணையின் பெயரைச் சொல்லக் கூடாது. அதனால் "விஷமிகள் சிலர் போர்டைச் சிதைத்துவிட்டார்கள்" என்றார்கள். மாலைச் செய்தியில் விஷமிகள் "வெளியிலிருந்து வந்தவர்களாக இருக்கலாம்" என்று ஆனார்கள். ராத்திரிச் செய்தியில் அந்த 'இருக்கலாம்' போய்விட்டது.

விஷயமெல்லாம் வெர்லனுக்குத் தெரிந்தது ஞாயிறு அதிகாலையில்தான். சனிக்கிழமை முழுக்க அவர் மீன் பிடிக்கப் போயிருந்தார். நெல்டா காபி ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது சிரிப்பை அடக்க இரண்டு தரம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோழிக்கால் மேல செனட்டர ஒட்டியிருக்க, வெர்லன். கல்யாணத்துக்கு அப்புறம் நீ செஞ்ச உருப்படியான காரியம் இதுதான்."

"கண்ணாடில பசை" என்றார் வெர்லன்.

"அதத்தான் நானும் நெனச்சேன்." பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "ஆனா நேத்து சாயங்காலம் ஷெரிஃப் ஆளுங்க எலிசியோ வீட்டுக்கு வந்தாங்க. பின்பக்கம் ஏணி வச்சிருக்காராம். ஏணிய எடுத்துட்டுப் போய்ட்டாங்க. மைத்துனன் எங்க போனான்னே தெரியல. பின்வேலி ஏறிக் குதிச்சு ஓடிட்டான்."

வெர்லன் காபியைக் குடிக்காமல் எழுந்தார். முதலில் ஷெரிஃபிடம் போனார்.

"நான்தான் ஒட்டினேன். தப்பா ஒட்டிட்டேன்" என்றார்.

ஷெரிஃப் செருப்பைக் கழற்றிவிட்டு ஓய்வாக உட்கார்ந்திருந்தார். "வெர்லன், நீ போர்டு ஒட்றவன். நீ போர்டு மேல ஏறினா அது குத்தமில்ல. நான் உன்ன எதுக்குப் பிடிக்கணும்?"

"என்ன பிடிக்க வேணாம். ஏணியத் திருப்பிக் குடுங்க. அந்த ஆள் மேல குத்தம் இல்லன்னு டிவில சொல்லுங்க."

"டிவி என்ன சொல்லணும்னு நான் எப்படிய்யா சொல்றது? அவங்கதான் எனக்குச் சொல்றாங்க."

அடுத்து வார இதழின் ஆசிரியர் மிஸ் வைனெல் வீடு. அவர் தேவாலயத்துக்குப் போகத் தொப்பி வைத்துக்கொண்டிருந்தார். வெர்லன் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவர் நல்ல பெண்மணிதான்.

"நீ சொல்றத அப்படியே போடலாம்னு எனக்கும் ஆசைதான், வெர்லன். ஆனா நீ ரெண்டு போஸ்டர மாத்தி ஒட்டினேன்னு எழுதினா, எந்த ரெண்டுன்னு எழுதணும். எந்த ரெண்டுன்னு எழுதினா, யாரு காசுன்னு எழுதணும். யாரு காசுன்னு எழுதினா எனக்குக் கடைசிப் பக்கம் போயிரும். கடைசிப் பக்கம் போனா முதல் பக்கம் எங்க நிக்கும்?"

"அப்ப என்னத்தப் போடுவீங்க?"

"காத்துன்னு போடலாம்னு இருக்கேன். வெள்ளிக்கிழமை காத்து ஜாஸ்திதானே."

வெர்லன் திரும்பி வந்தபோது தன் வீட்டு வாசலில் கிம்ஸியின் கார் நின்றிருந்தது. இளைஞர், நல்ல சட்டை, நல்ல மரியாதை. "மிஸ்டர் வெர்லன், யாரும் உங்களக் குத்தம் சொல்லல. நாளைக்கே சரியா ஒட்டிடுங்க. ஒரு வாரத்துல எல்லாம் மறந்துரும். நடுவுல உங்க பேர எதுக்கு இழுத்துக்கணும்?"

"எம் பேரு வரலன்னா எலிசியோ பேரு வருது, சார்."

"அது டிவிக்காரங்க யூகம். நாங்க அதுல தலையிட முடியாது."

வெர்லன் வாழ்க்கையில் முதல் தடவையாக, "அப்படி இருக்காதுன்னு நெனக்கிறேன்" என்றார். சமையலறை ஜன்னலில் நின்ற நெல்டாவின் கையிலிருந்து துடைத்துக்கொண்டிருந்த தட்டு நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

காலை வழிபாட்டு நேரம். ஊரில் பாதி தேவாலயத்தில், மீதி தூக்கத்தில். ரோட்டில் ஆளே இல்லை. வெர்லன் வண்டியில் வெற்றுக் காகிதச் சுருளும் கறுப்பு மையும் பெரிய தூரிகையும் ஏற்றிக்கொண்டு மலைத் திருப்பத்துக்குப் போனார். இந்தத் தடவை கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். தெற்கு முகத்தில் கோழிக்குஞ்சின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டினார்.

அப்போதுதான் பிரச்சினை தெரிந்தது. முப்பது வருஷமாக மற்றவர்கள் எழுதியதை ஒட்டியவர் தன் கையால் ஓர் எழுத்தும் எழுதியதில்லை. எவ்வளவு பெரிதாக எழுதுவது, ஒரு வரியில் எத்தனை கொள்ளும், ஒன்றும் தெரியவில்லை. குளியல் தொட்டி அளவிலேயே ஆரம்பித்தார். "மாற்றி ஒட்டியது நான். கண்ணாடியில் பசை. வேறு யாரும் காரணமில்லை. வெர்லன் ஸ்டான்சில்." அதோடு பாதி போர்டு தீர்ந்தது. மீதியில், "இரண்டு விளம்பரத்துக்கும் காசு கொடுத்தது ஒரே கோழிப்பண்ணை" என்று எழுத நினைத்தார். எழுத்தைக் குறுக்கிக் குறுக்கிக் கொண்டுவந்தும் 'ஒரே கோழி' என்ற இடத்தில் விளிம்பு வந்துவிட்டது. அங்கே நின்று யோசித்தார். வேறு காகிதம் இல்லை. இறங்கினார்.

தேவாலயம் விட்டதும் ஊர் முழுக்க மதியச் சாப்பாட்டுக்கு மலைக்கு அந்தப் பக்கம் போகும். வரிசையாகக் கார்கள் அந்தத் திருப்பத்தில் வந்து மெதுவாகின. "இரண்டு விளம்பரத்துக்கும் காசு கொடுத்தது ஒரே கோழி." எதிலும் ஒத்துப்போகாத இரண்டு சபைகளான பாப்டிஸ்ட்காரர்களும் மெதடிஸ்ட்காரர்களும் ஒரே சமயத்தில் பிரேக் போட்டது அந்த ஊர்ச் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை என்பார்கள். எந்தக் கோழி என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் கோழி ஒன்றுதான்.

ஹாய்ட் மூச்சு வாங்க ஓடி வந்தான். "டேய், என்னடா பண்ணி வச்சிருக்க? அந்தக் கிம்ஸி என் வாடகைய நிறுத்திருவான்டா."

"முடிச்சு நீதானே போட்ட?"

"அதுக்கு?"

"உன் பேரையும் எழுதலாம்னு பாத்தேன். எடம் பத்தல."

ஹாய்ட் அவரை வேலையிலிருந்து நீக்கினான். அதைச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து, கார்கள் போவதைப் பார்த்துக்கொண்டு, வெர்லன் கொண்டுவந்த சாண்ட்விச்சைப் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை அட்லாண்டாவிலிருந்து இரண்டு பெரிய தொலைக்காட்சிகள் வந்தன. ஒருத்தி, "இவ்வளவு பெரிய கம்பெனியை எதிர்க்கிற தைரியம் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டாள். வெர்லன், "கண்ணாடில பசை கொட்டிருச்சு" என்றார். இன்னொருவர், "நம்ம வேலைய வெளிநாட்டுக்காரன் எடுக்கறத எதிர்த்துதானே இத செஞ்சீங்க?" என்று கேட்டார். வெர்லன், "இல்ல சார். பசை" என்றார். இரவு நெல்டா இரண்டு சேனலையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒன்றில் வெர்லன் குடியேறிகளின் தோழன். இன்னொன்றில் குடியேறிகளைக் கூட்டி வரும் முதலாளியைத் தோலுரித்த மண்ணின் மைந்தன். இரண்டிலும் அவர் தலையாட்டும் அதே காட்சி. நிருபர் காபி வேண்டுமா என்று கேட்டபோது தலையாட்டியது அது.

"ரெண்டு பக்கமும் நல்லாத்தான் இருக்க" என்றாள் நெல்டா. "சட்டையத்தான் மாத்தியிருக்கலாம்."

ஏணி புதன்கிழமை திரும்பி வந்தது. மன்னிப்பு ஏதும் கூட வரவில்லை. மைத்துனன் அலபாமாவில் ஓர் உறவினர் வீட்டில் இருப்பதாகத் தகவல் வந்தது. அவன் திரும்பவே இல்லை. எலிசியோவின் மனைவி அதன் பிறகும் ரொம்ப நாள் வெர்லனோடு பேசாமல் இருந்தாள். அது நியாயம்தான் என்று வெர்லனுக்கும் பட்டது. தப்பாக ஒட்டியது அவர். ஓடிப்போனது அவள் தம்பி.

ஆனால் பண்ணைக்குள் யாரும் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. கோட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற அந்தக் கோழிக்குஞ்சின் படத்தை யாரோ போனில் பிடித்து வைத்திருந்தார்கள். கோழிகளைக் கொக்கியில் மாட்டும் பிரிவில் ஒருவன் விளையாட்டாக, சூப்பர்வைசர் வரும்போது அதே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு முறைத்தான். மறுநாள் வரிசையே அப்படி நின்றது. பெல்ட் ஓடிக்கொண்டிருக்க, யாரும் ஒன்றும் பேசவில்லை, கேட்கவில்லை. வெறுமனே கோழிக்குஞ்சு மாதிரி நின்றார்கள். மேலே அலுவலகத்தில் இதைத் தொழிற்சங்கம் என்று நினைத்துவிட்டார்கள். வக்கீலை வரவழைத்துக் கூட்டம் போட்டார்கள். கடைசியில், கேட்காமலே பாத்ரூம் போகலாம் என்று சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள்.

"அறிவிப்பு கொஞ்சம் கோணலா இருக்கு, தோன் வெர்லன்" என்றார் எலிசியோ. "நீங்க ஒட்டியிருந்தா நேரா இருந்திருக்கும். ஆனா பாத்ரூம்ல வேற என்னத்தையாவது சேத்து ஒட்டியிருப்பீங்க."

டீஸ்லி ஜெயித்தார். நல்ல வித்தியாசத்தில். குழந்தையோடு இருந்த படத்தைப் பார்த்துச் சிலர் போட்டார்கள், "போதும்" என்பதைப் பார்த்துச் சிலர் போட்டார்கள். கிம்ஸிக்கு வேறு மாநிலத்தில் பதவி உயர்வு கிடைத்தது. அங்கே வான்கோழி. வார இதழ் கடைசி வரை காற்று என்றே எழுதியது. ஹாய்ட் இரண்டு வாரத்தில் வெர்லனைத் திரும்பக் கூப்பிட்டான். அந்த உயரத்துக்கு ஏற வேறு ஆள் கிடைக்கவில்லை.

வெர்லன் அதற்குப் பிறகு ஏழு வருஷம் ஒட்டினார். ஆனால் ஒட்டுவதற்கு முன்னால் கொட்டகைத் தரையில் விரித்துப் படித்துப் பார்ப்பார். படித்ததும் ஏதாவது சொல்வார். விபத்து வக்கீலைப் பற்றி, மெத்தைக் கடையைப் பற்றி, பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் வேண்டுமா என்பதைப் பற்றி. முடி வெட்டும் இடத்தில் அவர் நுழைந்தால் இப்போது மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். வீட்டிலும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"இந்தச் சாக்கடை வரி விஷயத்துல கவுன்சில் பண்றது எனக்குச் சரியாப் படல, நெல்டா."

நெல்டா பீன்ஸைப் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பத்தொன்பது வருஷம் இயந்திரச் சத்தத்தைக் கேட்டவள், அவர் சொல்வதைக் கடைசி வரை கேட்டாள். பிறகு உப்பை அவர் பக்கம் தள்ளினாள்.

"இருக்கலாம்" என்றாள். "சாப்பிடு."